கம்பு தின்ற குடலும் கோதுமை தின்ற குடலும்

ஆலங்குளம் என்று சொன்னதும் திருநெல்வேலிக்காரர்களுக்குத் தென்காசிச் சாலையிலிருக்கிற ஊர்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். ராஜபாளையத்திலிருந்து வெம்பக்கோட்டை போகிற வழியில், மேலே கரிசலும் அடியில் சுண்ணாம்புக்கல்லுமாகக் கிடக்கிற பூமி. 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. சுற்றுவட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் பெருகின. அதற்கு முன்னால் மானாவாரி வெள்ளாமைதான் பிழைப்பு: கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி. அன்றாடச் சாப்பாடு கம்மங்கஞ்சியும் சோளச்சோறும். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கோதுமையை இந்த வட்டாரத்துத் தாத்தா பாட்டிகள் பலர் வளர்ந்து ஆளான பிறகுதான் கண்ணால் பார்த்தார்கள்.

இந்தச் சாப்பாட்டுக் கதைக்கும் சிறுகுடலில் வரும் சில அபூர்வப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு. அந்தத் தொடர்பைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பிடித்தன. கதையின் முக்கியமான சில பக்கங்கள் பம்பாயிலும் வேலூரிலும் எழுதப்பட்டவை.

சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். செரிமானப் பாதையில் இவ்வளவு பெரிய உறுப்பு வேறில்லை. ஆனாலும் அந்தப் பாதையில் வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு மூன்று அளவுதான் இங்கே வருகிறது. வருகிறவற்றில் ஒரு பகுதி லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று. நோய்க்கிருமிகளோடு போராடும் லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதான் லிம்போமா. குடலில் இந்த அணுக்கள் ஏராளம், ஏனென்றால் வெளியுலகிலிருந்து உள்ளே போகிற ஒவ்வொரு கவளத்தையும் ஒவ்வொரு மிடறு தண்ணீரையும் அவைதான் சோதித்து அனுப்ப வேண்டும். அவற்றில் பி வகை, டி வகை என்று இரண்டு உண்டு. எந்த வகை கெட்டுப்போகிறது, எதனால் கெட்டுப்போகிறது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது. அயர்லாந்தில் வருவது ஈரானில் வருவதில்லை. ஈரானில் வந்தது ஹாங்காங்கில் வருவதில்லை.

நெய்ல் ஹாமில்டன் ஃபேர்லி என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1922-ல் பம்பாய்க்கு வந்தார். வெப்பமண்டல நோய்களை ஆராய்வது அவருக்கு இட்ட வேலை. அன்றைக்கு இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களைப் பயமுறுத்திய நோய்களில் ஒன்று ஸ்ப்ரூ. மாதக்கணக்கில் நிற்காத பேதி, கொழுப்பு மிதக்கும் மலம், நாக்கில் புண், ரத்தசோகை, கடைசியில் எலும்பும் தோலுமாக ஆளே உருக்குலைந்து போவது. ஃபேர்லி அதை ஆராய்ந்தார். ஆராயப்போன இடத்தில் அவருக்கே ஸ்ப்ரூ பிடித்தது. உடம்பு தேறுவதற்காக அவர் பிரிட்டன் திரும்ப வேண்டியதாயிற்று.

பிற்பாடு லண்டனில் இருந்தபோது வேறுவிதமான நோயாளிகள் சிலரை அவர் பார்த்தார். பேதி, கொழுப்பு மலம், மெலிவு எல்லாம் ஸ்ப்ரூவைப் போலவே. ஆனால் வயிற்றுக்குள் நிணநீர்க் கணுக்களில் புற்று. 1937-ல் மாக்கி என்பவரோடு சேர்ந்து இதை எழுதினார். கணுக்களைப் புற்று அடைத்துக்கொள்வதால்தான் கொழுப்பு உட்கிரகிக்கப்படாமல் வெளியேறுகிறது என்பது அவர்கள் முடிவு. அதாவது புற்று முந்தியது, பேதி பிந்தியது. இருபத்தைந்து ஆண்டுகள் யாரும் அதைப் பெரிதாக மறுக்கவில்லை.

மறுப்பு பிரிஸ்டலிலிருந்து வந்தது. அதைப் புரிந்துகொள்ள இடையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, சீலியாக் என்ற குடல்நோய் கண்ட குழந்தைகளுக்கு ரொட்டியை நிறுத்தினால் உடம்பு தேறுவதைக் கவனித்து 1941-ல் எழுதினார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய முற்றுகையால் நாடே பட்டினி கிடந்தது, ரொட்டியே இல்லை. மற்ற குழந்தைகள் வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம்தான் குற்றவாளி என்பது 1950-களில் உறுதியானது. இந்தப் பின்னணியில்தான் 1962-ல் பிரிஸ்டலில் கஃப், ரீட், நேய்ஷ் என்ற மூவர் ஃபேர்லியின் வரிசையைத் தலைகீழாக்கினார்கள். பல ஆண்டுகளாகக் கொழுப்புப் பேதியில் கிடந்தவர்களுக்குத்தான் பிறகு குடலில் லிம்போமா வருகிறது, எனவே பேதி முந்தியது என்றார்கள்.

அவர்கள் சொன்னது சரி. வருஷக்கணக்கில் கோதுமையோடு மல்லுக்கட்டும் குடலின் மேல்தோலில் டி வகை லிம்போசைட்டுகள் குவிகின்றன. அவற்றில் ஒரு கூட்டம் ஒருநாள் கட்டுமீறுகிறது. 1978-ல் பீட்டர் ஐசக்சனும் டென்னிஸ் ரைட்டும் இந்தக் கட்டியை ஆராய்ந்து, இது ஹிஸ்டியோசைட் என்ற வேறு அணுவிலிருந்து பிறந்தது என்றார்கள். 1985-ல் ஐசக்சன் குழுவே அதைத் திருத்தி, டி அணுதான் மூலம் என்று நிறுவியது. அடுத்த ஆண்டே குடல்நோயோடு இணைந்த டி-செல் லிம்போமா என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. அயர்லாந்து, பிரிட்டன், ஸ்காண்டிநேவியா என்று சீலியாக் அதிகமுள்ள வட ஐரோப்பாதான் இந்த நோயின் தாய்வீடு.

அப்படியானால் கோதுமை தின்கிற வட இந்தியாவில்?

இந்தியாவில் சீலியாக்கே கிடையாது என்று மேலைநாட்டுப் புத்தகங்கள் நெடுநாள் சொல்லிவந்தன. பேதியும் மெலிவுமாக வந்த இந்தியக் குழந்தையைப் பார்த்தால் ஊட்டச்சத்துக் குறைவு என்று எழுதிவிடுவது வழக்கம். 1966-ல் வாலியாவும் சக மருத்துவர்களும் வட இந்தியக் குழந்தைகளிடம் சீலியாக் இருப்பதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1973-ல் பர்மிங்காமில் குடியேறிய ஆசியக் குடும்பத்துக் குழந்தைகளிடமும் அது இருப்பதாக லான்செட் இதழில் கட்டுரை வந்தது. ஆக, இந்தியருக்கு வராது என்ற பேச்சு அடிபட்டுப்போனது. ஆனால் எந்த இந்தியருக்கு என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்கு ஒழுங்கான பதில் 2016-ல்தான் வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என மூன்று பகுதிகளில் 23,331 பேரின் ரத்தம் சோதிக்கப்பட்டது. சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம், வடகிழக்கே 0.87 பேரிடம், தெற்கே வெறும் 0.10 பேரிடம். வடக்கில் இருப்பதில் பன்னிரண்டில் ஒரு பங்குகூடத் தெற்கில் இல்லை.

சரி, வடக்கத்தியாருக்கும் நமக்கும் ரத்தம் வேறு, அதனால்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? முடியாது. அந்த ஆய்வு மரபணுவையும் பார்த்தது. சீலியாக்குக்கு இடம்கொடுக்கும் மரபணு வகைகள் வடக்கே 38.1 சதவீதத்தினரிடம், தெற்கே 36.4 சதவீதத்தினரிடம். கிட்டத்தட்டச் சமம். வேறுபட்டது தட்டு. வடக்கே ஓர் ஆள் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கே 25 கிராம். கம்பும் சோளமும் அரிசியும் குளூட்டன் இல்லாத தானியங்கள். கரிசல்காட்டுக் குடியானவர் வறுமைக்குச் சாப்பிட்ட கஞ்சி, அவருக்கே தெரியாமல் அவர் குடலை ஒரு நோயிலிருந்து காத்துவந்திருக்கிறது. வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதே வறுமை வேறு வழியில் குடலைக் கெடுத்தது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

கோதுமை தெற்கே வந்த கதை சுவையானது. அமெரிக்கா 1954-ல் கொண்டுவந்த பி.எல்.480 சட்டப்படி 1956-ல் இந்தியா ஒப்பந்தம் போட்டது. கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கியது. ரேஷன் கடை வழியாகக் கோதுமையும் ரவையும் மைதாவும் தமிழ்நாட்டு அடுப்படிக்குள் நுழைந்தன. விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் மைதாவை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை நாடே அறியும். நடுவில் குழிந்த அகலமான கல், அதில் குளம்போல எண்ணெய், உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிய பரோட்டாக்கள் அதில் மிதந்து பொன்னிறமாகப் பொரிய, கரண்டியால் அள்ளி ஓரத்தில் வடியவிட்டு, நொறுக்கிப்போட்டுச் சால்னாவை ஊற்றுவார்கள். சாயங்காலம் வேலை முடிந்து பட்டாசு ஆலை வண்டியிலிருந்து இறங்குகிறவருக்கு அதுதான் பசியாறுகிற பண்டம். மரபணு ஏற்கெனவே இருக்கிறது, மாவும் வந்துவிட்டது. தெற்கத்தி மருத்துவர்கள் தேறாத பேதிக்காரரிடம் இனிமேல் கோதுமையைப் பற்றியும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இத்தனைக்கும் வட இந்தியாவில் சீலியாக் பரவலாக இருந்தும், அதிலிருந்து பிறக்கும் டி-செல் லிம்போமா அங்கிருந்து அரிதாகவே பதிவாகியிருக்கிறது. இந்தியக் குடலில் லிம்போமா வந்த வழி பெரும்பாலும் ரொட்டியைச் சேர்ந்ததல்ல. அந்த வழியைத் தேடினால் தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறோம்.

ஃபேர்லி விட்டுப்போன ஸ்ப்ரூ இந்தியாவைவிட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப்போரில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் வந்தது. இங்கே சிறைவைக்கப்பட்ட இத்தாலியப் போர்க்கைதிகளிடமும் வந்தது. அவர்களைக் கவனித்து மாரியோ ஸ்டெஃபானினி எழுதிய நீண்ட கட்டுரை 1948-ல் வெளியானது. இதையெல்லாம் படித்தால் ஸ்ப்ரூ வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மட்டும் பிடிக்கிற நோய் என்று தோன்றும். உள்ளூர்க்காரர்களை யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை என்பதே உண்மை. பார்த்தது வேலூர். ஐடா ஸ்கடர் 1900-ல் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய இடம், 1950-களில் ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கரின் கையில் குடல் ஆராய்ச்சிக்குப் பேர்போன நிலையமாக வளர்ந்தது. அவரோடு வி.ஐ. மாத்தன் சேர்ந்தார்.

1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காட்டுக் கிராமங்களில் பேதி பரவியது. காலராபோல ஓரிரு நாளில் முடிகிற பேதி இல்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீண்டு, ஆளை உருக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் படுத்தார்கள், பலர் செத்தார்கள். பேக்கரும் மாத்தனும் ஊர் ஊராகப் போய், இது கொள்ளைநோய் வடிவில் வந்த ஸ்ப்ரூ என்று நிறுவினார்கள். ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் கொடுத்தால் பலர் தேறினார்கள். டெட்ராசைக்ளின் என்ற பெயரைப் படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், இன்னொரு முறை வரும்.

இந்த ஆராய்ச்சிக்கு ஒரு சின்னக் கருவி உதவியது. 1957-ல் அமெரிக்க ராணுவ மருத்துவர் கிராஸ்பியும் கூக்ளரும் உருவாக்கிய உலோக மாத்திரை. மெல்லிய குழாயின் நுனியில் அது கட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டில் ஒரு சிறு துளை, உள்ளே சுருள்வில்லில் இழுத்துப்பூட்டிய கத்தி. நோயாளி அதை விழுங்கிவிட்டுக் காத்திருப்பார். சிறுகுடலை அடைந்துவிட்டதை எக்ஸ்ரேயில் பார்த்ததும் மருத்துவர் குழாயின் மறுமுனையிலிருந்து காற்றை உறிஞ்சுவார். குடலின் உள்தோல் ஒரு துளி துளைக்குள் இழுபடும், அந்த உறிஞ்சலிலேயே கத்தி விடுபட்டுச் சுழன்று அதை நறுக்கிக்கொள்ளும். வயிற்றைக் கிழிக்காமல் குடலின் சதைத்துணுக்கு கைக்கு வந்தது. செத்தவர் குடல் சில மணிநேரத்திலேயே கெட்டுவிடுவதால், உயிருள்ள குடலின் தோற்றம் எப்படி என்று அதுவரை யாருக்கும் சரிவரத் தெரியாது.

வேலூரில் இந்த மாத்திரையை நோயாளிகள் மட்டுமல்லாமல் நல்ல சுகத்தோடிருந்த கிராமத்தாரும் விழுங்கினார்கள். வந்த முடிவு எல்லோரையும் யோசிக்க வைத்தது. ஐரோப்பியரின் குடலுறிஞ்சிகள், அதாவது குடலின் உள்தோலிலிருந்து துருத்திநிற்கும் நுண்ணிய முளைகள், விரல்போல நீண்டிருக்கும் என்று பாடப்புத்தகம் சொன்னது. சுகமாயிருந்த தென்னிந்தியரிடம் அவை இலைபோலவும் வரப்புபோலவும் தட்டையாகக் கிடந்தன, அடியில் லிம்போசைட்டுகள் கூடுதலாகத் திரண்டிருந்தன. இது இனத்தின் கூறா, இடத்தின் கூறா? 1966-ல் லிண்டன்பாம் குழு பதில் தந்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் தங்கி வேலைபார்த்த அமெரிக்கத் தொண்டர்களின் குடலும் அதேபோல மாறியிருந்தது. ஊர் திரும்பியதும் சரியானது. நியூயார்க்கில் குடியேறிய இந்தியர், பாகிஸ்தானியரின் குடலும் நாளடைவில் தேறியதை 1971-ல் எழுதினார்கள். குற்றம் ரத்தத்தில் இல்லை. அழுக்கு கலந்த தண்ணீரிலும் அதன்மூலம் ஓயாமல் வந்துகொண்டிருந்த கிருமிகளிலும் இருந்தது.

ஆலங்குளம் பக்கத்துக் கண்மாய்கள் கோடையில் சேறாகி, மாடும் மனிதரும் ஒரே ஊருணியில் இறங்கிய காலம் அதிகத் தொலைவில் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குடல், பிறந்த நாளிலிருந்து ஓய்வில்லாமல் சண்டை போட்ட குடல்.

அப்படி ஓயாமல் சண்டை போடுகிற லிம்போசைட்டுகளில் சில கெட்டுப்போகலாம் என்பது முதலில் தெரிந்த இடம் மத்தியதரைக் கடலோரம். 1965-ல் இஸ்ரேலில் ராமோத் குழுவும் அடுத்த ஆண்டு ஐடல்மன் குழுவும் இளம்வயதினரைத் தாக்கும் ஒரு சிறுகுடல் லிம்போமாவைப் பற்றி எழுதினார்கள். நோயாளிகள் அரபியரும், வட ஆப்பிரிக்கா, மேற்காசியாவிலிருந்து குடியேறிய யூதர்களும். ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களிடம் அது அபூர்வம். ஒரே நாட்டில், ஒரே மதத்தாருக்குள், பிள்ளைப்பருவம் கழிந்த ஊரைப் பொறுத்து நோய் பிரிந்தது. பேதி, வயிற்றுவலி, மெலிவு, விரல்நுனிகள் தடித்து நகம் கிளிமூக்காக வளைவது: இவை அடையாளங்கள். நோயாளிகள் பெரும்பாலும் இருபது முப்பது வயதுக்காரர்கள். மத்தியதரை லிம்போமா என்று பெயர் வைத்தார்கள்.

1968-ல் பாரிஸில் மாக்சிம் செலிக்மனும் ராம்போவும் ஓர் இளம் அரபுப் பெண்ணின் ரத்தத்தில் விசித்திரமான புரதத்தைக் கண்டார்கள். குடல் சுரக்கும் எதிர்ப்பொருளில் கனமான சங்கிலியும் லேசான சங்கிலியும் சேர்ந்திருக்க வேண்டும். இந்தப் பெண்ணிடம் இருந்தது லேசான சங்கிலியே இல்லாத, கனச்சங்கிலியிலும் பாதி வெட்டுப்பட்ட முண்டம். ஆல்ஃபா சங்கிலி நோய் என்றார்கள். கெட்டுப்போனது பி வகை அணு. இஸ்ரேலில் கண்டதும் பாரிஸில் கண்டதும் ஒரே நோயின் இரண்டு முகம் என்பது 1970-களில் தெளிவானது. உலக சுகாதார நிறுவனமும் 1976-ல் அதைத் தொகுத்து வெளியிட்டது. அதற்குள் மத்தியதரை என்ற பெயர் பொருந்தாமல் போயிருந்தது. ஈரானின் ஷீராஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன், இந்தியா என்று எங்கெல்லாம் ஏழைகள் கெட்ட தண்ணீர் குடித்தார்களோ அங்கெல்லாம் நோயாளிகள் கிடைத்தார்கள். 1983-ல் ஷீராஸ் மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே இதை மூன்றாம் உலகத்து நோய் என்று குறிப்பிட்டார்கள்.

இந்த லிம்போமாவுக்கு ஒரு தனிக்குணம் இருந்தது. ஆரம்பக் கட்டத்தில் டெட்ராசைக்ளின் கொடுத்தால் சிலருக்கு அது பின்வாங்கியது. வேலூர்க் கிராமங்களில் ஸ்ப்ரூவுக்குக் கொடுத்த அதே மாத்திரை! கிருமிக்கொல்லிக்குப் புற்றுநோய் பணிகிறதென்றால் அடியில் ஏதோ கிருமி இருக்க வேண்டும். இரைப்பையில் இதைப்போன்ற இன்னொரு லிம்போமா இருக்கிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை ஒழித்ததும் அது கரைந்துபோனதை 1993-ல் ஐசக்சன் குழு காட்டியது, அதே ஐசக்சன்தான். சிறுகுடலின் கிருமியை 2004-ல் பாரிஸில் மார்க் லெக்வி குழு அடையாளம் கண்டது. கேம்பிலோபாக்டர் ஜெஜூனி, பேதி உண்டாக்கும் கிருமிகளில் சாதாரணமான ஒன்று. அவர்கள் முதலில் பார்த்த நோயாளிக்குக் கிருமிக்கொல்லி கொடுத்ததும் நோய் வேகமாகத் தணிந்தது. காலந்தாழ்த்தினால் இது நடக்காது. கட்டி முற்றிப் பெரிய அணு லிம்போமாவாக மாறிவிட்டால் கீமோதெரபிதான் வழி.

குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் வந்த நாடுகளில் இந்த நோய் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. எந்தப் புற்றுநோய் மருத்துவமனையும் கட்டாமல், குடிநீர்க் குழாய் போட்டே ஒரு புற்றுநோயைக் குறைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குடிநீர்த் திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தைச் சுகாதாரச் செலவாகக் கணக்கெழுதாத நம் வழக்கம் எவ்வளவு தவறு என்பதும் இதில் தெரியும்.

மூன்றாவது கதை கிழக்கே நடந்தது, அது குழப்பத்தில் தொடங்கியது. ஹாங்காங், சிங்கப்பூர், கொரியா, ஜப்பான் மருத்துவர்கள் சிறுகுடலில் டி-செல் லிம்போமாவைக் கண்டார்கள். ஐரோப்பியப் புத்தகப்படி அந்த நோயாளிகளுக்குச் சீலியாக் இருந்திருக்க வேண்டும். ஒருவருக்கும் இல்லை. அரிசி தின்கிற நாடுகளில் கோதுமை நோய் எங்கிருந்து வரும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு வகைப்பாடு இதை இரண்டாம் வகை என்று ஐரோப்பிய நோயின் கீழேயே ஒட்டிவைத்தது. 2011-ல் வந்த பன்னாட்டு ஆய்வில், முதிர்ந்த டி-செல் லிம்போமாக்களில் குடல் சார்ந்தவை ஐரோப்பாவில் 9.1 சதவீதம், வட அமெரிக்காவில் 5.8, ஆசியாவில் 1.9 என்று கணக்கு வந்தது. ஆசியாவில் எண்ணிக்கை குறைவு, குணமோ வேறு. அதே சமயத்தில் ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் அணுக்களின் மேலிருக்கும் அடையாளங்களை எண்ணிப்பார்த்து, இது வேறு குடும்பம் என்று எழுதினார்கள். ஐரோப்பிய நோயில் அணுக்கள் பலவிதமாகச் சிதறிக்கிடக்கும். ஆசிய நோயில் ஒரே அளவில், ஒரே அச்சில் வார்த்ததுபோல மேல்தோலுக்குள் அடர்ந்து நிற்கும். 2016-ல் அதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. ஆசியர்கள் தங்களுக்கு வருகிற நோய்க்கு ஐரோப்பாவின் நிழலிலிருந்து விடுதலை வாங்கிக்கொடுக்க எட்டு ஆண்டுகள் ஆயின. இந்தியாவிலும் இந்த வகை ஒன்றிரண்டாகப் பதிவாகிவருகிறது. மிகவும் மூர்க்கமானது. குடல் ஓட்டைவிழுந்து அவசர அறுவைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது.

இவ்வளவும் அபூர்வ வகைகள். நம்மூரில் குடலில் லிம்போமா என்று வந்தால் மிகப் பெரும்பாலும் அது பெரிய பி அணுக்கள் பரவும் பொதுவான வகை. வேலூரில் பத்தாண்டு நோயாளிகளைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வும் இதையே சொல்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 2,773 லிம்போமாக்களை வகைபிரித்து 2000-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பொதுவகை மூன்றில் ஒரு பங்கு. டி வகை எல்லாம் சேர்ந்து 16.2 சதவீதம்.

தென்மாவட்டத்து நோயாளிக்கு வகையைவிடப் பெரிய தடையாக இருப்பது இன்னொரு நோய்: குடல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் புண், சுருக்கம், வீங்கிய கணுக்கள், மாலைக் காய்ச்சல், மெலிவு. லிம்போமாவும் இதே வேஷம் போடும். காசநோய் லிம்போமாவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், சதைத்துணுக்கு எடுக்காமலே காச மாத்திரையைத் தொடங்கி இரண்டு மாதம் பார்ப்பது பல இடங்களில் நடக்கிறது. காசநோயாளி தேறிவிடுவார். லிம்போமாக்காரருக்கு அந்த இரண்டு மாதம் கை நழுவிப்போகும். மருத்துவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பேதிக்கு நாட்டுமருந்து, கடைமருந்து என்று அதற்கு முன்பே ஆறு மாதம் நாமும் கழித்துவிடுகிறோம்.

ஆலங்குளத்துக்காரர் ஒருவருக்கு வயிற்றில் இப்படி ஒரு சந்தேகம் வந்தால் ஒரு தலைமுறைக்கு முன்பு மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போக வேண்டும், அங்கிருந்து அடையாறுக்கோ வேலூருக்கோ ரயிலேற வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் தென்மாவட்டத்துக்காரர்கள் வாடகைக்கு அறையெடுத்து மாதக்கணக்கில் தங்கிப் பார்த்தார்கள். 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. புற்றுநோய்க் கணக்கும் மாறியிருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் சென்னை நகரத்துக்கு மட்டும் பதிவேடு இருந்தது. 2003-ல் திண்டுக்கல் அம்பிளிக்கையில் கிராமப்புறப் பதிவேடு வந்தது. 2012-லிருந்து தமிழ்நாடு முழுவதற்கும் திட்டம் விரிந்தது. கரிசல்காட்டு நோயாளியும் இப்போது எண்ணிக்கைக்குள் வருகிறார்.

எண்ணிக்கை சரியாக இருக்க வகை சரியாகத் தெரிய வேண்டும். அதற்குச் சதைத்துணுக்கு வேண்டும். ஆகவே, மூன்று நான்கு வாரத்துக்கு மேல் நிற்காத பேதியும் உடம்பு மெலிவும் சேர்ந்திருந்தால், எண்டோஸ்கோப்பியில் துணுக்கு எடுத்துப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். காச மாத்திரை தொடங்கியும் எடை ஏறாவிட்டால் மறுபடி கேளுங்கள். எடுத்த துணுக்கை ஆய்வகத்தில் மெழுகுக்கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது காகித ரிப்போர்ட்டோடு அந்தக் கட்டியையும் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பி வகையா, டி வகையா, கிருமிக்கொல்லிக்குப் பணியக்கூடிய வகையா என்பதையெல்லாம் அந்தச் சின்னக் கட்டியிலிருந்தே சோதித்துச் சொல்லிவிட முடியும்.